ஐந்தாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் நடுவே

1

இந்தக் கதை ஒரு கேள்வி-பதில் பக்கத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மும்பை செம்பூரில் எங்கள் சங்கம் நடத்தும் மாத இதழில் கடைசிக்கு முந்தின பக்கத்தை நான் எழுதுகிறேன். மிக்ஸி ஏன் சூடாகிறது, இன்வெர்ட்டருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும், இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில். நடுப்பக்கத்தில் கதை வரும். அதைப் பெரும்பாலும் கிட்டு எழுதுகிறான்.

கிட்டுவைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவன் இந்தக் கதைக்குள் வரப்போகிறான். மாட்டுங்காவில் இருக்கிறான். என்னோடு கல்லூரியில் படித்தவன். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலக் காபிக்குள் ஒரு கதையை முடித்துவிடுவான். அடித்தல் திருத்தல் கிடையாது. எனக்கு ஒரு கதைக்கு நாலு மாதம் பிடிக்கும். பதினோரு வருடங்களில் இதழில் வந்த என் கதைகள் இரண்டு. அவனுடையவை எத்தனை என்று நான் எண்ணவில்லை. (எண்ணினேன். முப்பத்தெட்டு.) இதழ் வந்ததும் என் மனைவி நடுப்பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறாள். படித்துக்கொண்டே சிரிக்கிறாள். என் பக்கத்தைப் படித்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. இன்வெர்ட்டர் தண்ணீரில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இருந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நாலு மாதத்துக்கு முன்னால் வந்த கேள்வி இது: "சின்ன டிஜிட்டல் கேமராவுக்கு மெமரி கார்டின் வேகம் முக்கியமா?" கல்லூரிப் பிள்ளைகள் மத்தியில் அந்தப் பழைய சட்டைப்பை கேமராக்களுக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. போனில் எடுத்தால் படம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம், பிடிக்கவில்லையாம். நான் எழுதிய பதில் இது:

"ஒவ்வொரு படமாக நிதானமாக எடுப்பவருக்கு முக்கியமில்லை. பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் வரிசையாக எடுத்தால், கேமரா அந்தப் படங்களை முதலில் தனக்குள் வைத்துக்கொண்டு, பிறகு கார்டில் எழுதும். எழுதி முடிக்கும்வரை அடுத்த படத்தை எடுக்க விடாது. அந்த நேரத்தை நல்ல கார்டு குறைக்கும். ஆனால் பழைய கேமரா தன் வேகத்துக்கு மேல் எழுதாது, எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் சரி. வீடியோவுக்கு வேகம் அவசியம். கார்டின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவு."

பக்கத்தின் அடியில் என் போன் நம்பர் இருக்கும். இதழ் வந்த மறுநாள் ஒரு குரல் பேசியது.

"சார், தாராவியிலேருந்து பேசுதேன். ஒங்க பக்கம் மட்டுந்தான் சார் படிப்பேன். நடுவுல கதையெல்லாம் வருதுல்லா, அதெல்லாம் படிக்கிறதில்ல."

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கிட்டுவைத் தாண்டி என்னிடம் வந்த முதல் மனிதர்.

"சார், ஒரேயொரு கேள்வி. நல்ல கார்டு போட்டிருந்தா அந்த நாலு செகண்டும் வந்திருக்குமா?"

எந்த நாலு செகண்ட் என்று கேட்டேன். அதுதான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "தங்கமயில் சிரித்தால் தாராவியில் இரண்டு சந்துக்கு—"

நிறுத்திவிட்டேன். இது கிட்டு எழுதுகிற வாக்கியம்.

இரண்டாவது தொடக்கம்: "பொறாமை என்பது மனிதனின் ஆதி உணர்வுகளில்—"

இது யாருமே எழுதக்கூடாத வாக்கியம்.

மூன்றாவது தொடக்கம்: "ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் ஏழாவது செகண்டில்." இது பரவாயில்லை. என் புத்திக்கு எட்டின மாதிரி இருக்கிறது. கருவிகளைப் பற்றி எழுதுகிறவன் நேரத்திலிருந்துதானே ஆரம்பிக்க முடியும்?

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவருக்குக் காசிராஜன் என்று வைத்திருக்கிறேன். அவர் மனைவிக்குத் தங்கமயில். அவளுடைய தாய்மாமன் மகனுக்கு இசக்கிதுரை. கிட்டுவின் பெயரை மாற்றவில்லை. அவன் அனுபவிக்கட்டும்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் ஏழாவது செகண்டில், காசிராஜன் தன் மனைவியைப் படம் எடுத்தார்.

அன்று தாராவியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஊரில் கொடை என்றால் செவ்வாய்க்கிழமை. இங்கே மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டுமே, அதனால் அம்மனும் லீவு பார்த்துத்தான் ஆடுகிறாள். கொடையின் கடைசியில் மஞ்சள் நீராட்டு. அண்டாவில் மஞ்சள் கரைத்து வைத்திருப்பார்கள். பெண்கள் செம்பில் மொண்டு, முறை உள்ளவர்கள் மேல் ஊற்றுவார்கள். மாமன் மகன், அத்தை மகன், கொழுந்தன், அத்தான். அண்ணன் தம்பி முறையில் இருப்பவன் மேல் தப்பித்தவறிப் பட்டால் அது ஒரு மாதத்துக்குக் கேலிப்பேச்சு. கட்டின புருஷன் மேல் யாரும் ஊற்றுவதில்லை. தடை ஒன்றும் இல்லை. அதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று விட்டுவிடுவதுதான்.

காசிராஜன் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். வயது நாற்பத்து நாலு. பதினாலு வருடத்துக்கு முன்னால் வாங்கின சின்ன கேமரா ஒன்று அவரிடம் இருந்ததால், கொடைக்கு அவர்தான் போட்டோக்காரர். இப்போது எல்லோரிடமும் போன் இருந்தாலும் மஞ்சள் தண்ணீருக்கு நடுவில் போனை வெளியே எடுக்க யாருக்கும் மனசு வராது. அவர் கேமராவுக்குப் பால் கவரை மாட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். கமிட்டியும் மைக்கில் இரண்டு தடவை சொல்லிவிட்டது: "கேமராக்காரர் மேல யாரும் தண்ணி ஊத்தப்படாது. தயவுசெஞ்சு ஊத்தப்படாது." அதனால் அந்தக் கூட்டத்தில் காயாத மஞ்சளோடு எல்லோரும் நிற்க, அவர் மட்டும் புதுச் சட்டை கலையாமல் நின்றார்.

இசக்கிதுரை மும்பைக்கு வெளியே நெருளிலிருந்து வந்திருந்தான். காசிராஜனைவிட ஒரு வயதுதான் சின்னவன். தலையில் முடி அப்படியே இருக்கிறது. இதைக் காசிராஜன் என்னிடம் மூன்று தடவை சொன்னார். ஒரு காலத்தில் தங்கமயிலை அவனுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. பேச்சு ஏனோ நின்றுபோய், சொந்தத்துக்கு வெளியே, அசலில் கொடுத்தார்கள். அந்த அசல் காசிராஜன். கல்யாணமாகி பதினேழு வருடம் கழித்தும், அவளுடைய சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் தான் யாருக்கோ பதிலாக வந்து உட்கார்ந்திருப்பவர் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அன்றைக்குத் தங்கமயில் செம்போடு இசக்கிதுரையைத் துரத்தினாள். அவன் ஓடி, பந்தல் காலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டான். காசிராஜனுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். பட்டனை அழுத்தினவர் விரலை எடுக்கவில்லை. ஒரே செகண்டில் ஐந்து படங்கள் விழுந்தன. ஐந்தாவதில் செம்பு அவள் தலைக்கு மேல் இருக்கிறது. நிறையத் தண்ணீர். இசக்கிதுரை முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறான். தங்கமயில் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத் தன் வீட்டுக்குள் பார்த்துப் பல வருடமாயிற்று என்றார் காசிராஜன்.

பிறகு கேமரா எழுத ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கென்று அடித்தது. அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு, "ஆவு, ஆவு" என்று அதை அவசரப்படுத்தினார். எங்கிருந்தோ தண்ணீர் வந்து விழுந்தது. அவர் தலையை நிமிர்த்தாமலே, "எவம்ல அது, கண்ணு தெரியலயா நாயே? கேமரால படுதுல்லா!" என்று கத்தினார். (இந்த இரண்டு மூன்று வரிகளை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்குத் தேவையில்லை. கூட்டத்தின் இரைச்சல் கொஞ்சம் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.) விளக்கு நின்றது. உடனே ஆறாவது படத்தை எடுத்தார்.

ஆறாவது படத்தில் நேரம் ஐந்து பன்னிரண்டு பதினொன்று. செம்பு காலி, வாய் கீழே பார்த்துத் தொங்குகிறது. இசக்கிதுரையின் வெள்ளைச் சட்டையில் ஒரு துளி மஞ்சள் இல்லை. அவன் நேராகக் கேமராவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். தங்கமயில் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைக்கிறாள்.

நாலு செகண்ட். அதற்குள் ஒரு செம்புத் தண்ணீர் எங்கே போயிற்று?

4

இந்த இடத்தில் எனக்குக் காசிராஜன் மேல் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு செம்புத் தண்ணீருக்காக ஒரு மனிதர் இவ்வளவு அலைவாரா? வாசகர் நம்புவாரா? கிட்டுவாக இருந்தால் ஒரு கொலையாவது வைத்திருப்பான்.

ஆனால் அவர் அலைந்தார். பர்ஸுக்குள் வைக்கிற அட்டை ஒன்றின் பின்பக்கத்தில், அன்று கோயிலில் இருந்தவர்களில் தங்கமயிலுக்கு முறை ஆகிறவர்கள் பெயரை எழுதினார். ஏழு பேர். மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னார் அப்போது எங்கே நின்றார், நனைந்தாரா, எப்போது நனைந்தார் என்று டிக் போட்டார். ஏழு பேருமே இல்லை என்று ஆயிற்று. தரையில் ஊற்றியிருப்பாளோ? தண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை அவள், குழாயில் தண்ணீர் நின்றுபோவதற்குள் குடத்துக்கு அடித்துக்கொள்கிற இடத்தில் பதினேழு வருடம் குடித்தனம் நடத்துகிறவள். மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று காசிராஜன் முடிவுக்கு வந்தார். அந்த நாலு செகண்டில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. செம்பு கீழே சாய்கிற மாதிரி ஏதோ. இசக்கிதுரை ஏதோ சொல்லியிருக்கிறான், அல்லது தொட்டிருக்கிறான். அதனால்தான் அவள் சிரிப்பு நின்றது. அதனால்தான் அவன் தன்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறான்.*

* பட்டியலை அவர் என்னிடம் காட்டினார். நானும் ஏழு பெயர்களையும் படித்தேன். எட்டாவது பெயர் ஒன்று இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மனைவியிடமே கேட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டார். கொடை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது.

"அன்னைக்கு செம்பு நெறைய தண்ணி வச்சிருந்தியே. யாரு மேல ஊத்துன?"

தங்கமயில் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான அங்க நின்னீய?"

"நான் போட்டோல்லா எடுத்துட்டு நின்னேன்."

"ஆமா. அதத்தான் சொல்லுதேன்" என்று கஞ்சியைப் பாத்திரத்தில் ஊற்றப் போய்விட்டாள்.

பார்த்தீர்களா சார், எப்படி மழுப்புகிறாள் என்று காசிராஜன் என்னிடம் கேட்டார். நானும் ஆமாம், மழுப்புகிறாள் என்றேன். பிறருடைய சந்தேகத்துக்கு ஒத்து ஊதுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

5

என் பக்கத்தைப் படித்த பிறகு அவர் சயான் ஸ்டேஷன் பக்கம் ராஹில் என்பவனின் கடைக்குப் போனார். பழைய கேமராக்களைத் துடைத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விற்கிற சின்னக் கடை. இருப்பதிலேயே வேகமான கார்டு வேண்டும் என்று கேட்டார்.

ராஹில் அவருடைய கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, இது ரொம்பப் பழசு, புரானா மாடல். இதுக்குப் போய் இந்தக் கார்டு எதுக்கு? காலி-பீலி காசு வேஸ்ட்."

"வேகமா எழுதுமா எழுதாதா?"

"கார்டு எழுதும். கேமரா எழுதணும்ல?"

"போட்டுக் காட்டு."

பழைய கார்டைப் போட்டு, கடை வாசலில் நின்று, ரோட்டைப் பார்த்து ஐந்து படம் எடுத்தார்கள். விளக்கு மினுக்கியது. காசிராஜன் விளக்கைப் பார்த்து எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. புதுக் கார்டைப் போட்டு எடுத்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, அதற்கப்புறம் ஒரு அரை. விளக்கு நின்றது.

"அவ்ளோதான் அண்ணா" என்றான் ராஹில். "அரை செகண்டு மிச்சம். சரி, ஒண்ணு கேக்குறேன். இப்ப விளக்கு எரியும்போது உங்க முன்னால யார் போனா, சொல்லுங்க?"

காசிராஜன் அப்போதுதான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அரே அண்ணா, கேஸ் சிலிண்டர் வண்டி போச்சு. ஒருத்தன் கீழ விழுந்து எந்திரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க லைட்டயே பாக்குறீங்க. ரோட்டப் பாருங்க அண்ணா, கண்ணு எதுக்கு இருக்கு?"

காசிராஜனுக்குக் கோபம் வந்தது. கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

(இந்தக் காட்சியை எழுதி முடித்தபோது ராஹில் ரொம்பப் புத்திசாலியாகத் தெரிந்தான். என் கதையில் என்னைவிடப் புத்திசாலி ஒருவன் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பேச்சைக் குறைக்கப் பார்த்தேன். குறைத்தால் காட்சி நிற்கவில்லை.)

6

போன மாதம் காசிராஜன் பட்டறையிலிருந்து நேராக செம்பூருக்கு வந்து என்னைப் பார்த்தார். வெளிர் நீலச் சட்டையில் இடது தோளிலிருந்து பை வரைக்கும் மஞ்சளாகக் கறை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "சொல்யூஷன் சார்" என்றார். தோலை ஒட்டுகிற பசையைப் பட்டறைகளில் அப்படித்தான் சொல்வார்கள். "எத்தன சட்ட போட்டாலும் மேல ஆயிருது. பட்டறச் சட்டையத் தொவைக்கிறதே இல்ல, ஆணியில மாட்டி வச்சிருவேன். இது போன கொடைக்கு எடுத்தது. அன்னைக்கு ஒருநாள் போட்டதுதான். அப்புறம் பட்டறைக்குன்னு ஆக்கிட்டேன்."

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

"இந்த வருஷம் கொடை வருது சார். செம்பக் கையில தொட்டா வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவங்க?"

"தொடத்தான் செய்வேங்கா. தொட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயி ரயிலேறிருவேன், ஊர்ல அம்மா வீட்டுக்குங்கா. பொட்டிய எடுத்து வெளிய வச்சிட்டா சார்."

என் மனைவி காபி கொண்டுவந்தாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்ல வார்த்தை நாலு சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ கதைக்கு ஒரு முடிவு கிடைக்காத கவலை. அவர் போனதும் உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: தண்ணீர் இசக்கிதுரையின் முதுகில் விழுந்தது. ஆறாவது படத்தில் முன்பக்கம்தானே தெரிகிறது? (ஆனால் பந்தல் காலில் முதுகைச் சாய்த்து நிற்கிறவன் முதுகில் எப்படி ஊற்றுவது?)

முடிவு ஆ: வெயில் தாங்காமல் அவள் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். (படத்தில் அவள் தலை காய்ந்திருக்கிறது. எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.)

முடிவு இ: உண்மையிலேயே இசக்கிதுரை ஏதோ சொன்னான். அது என்னவென்றால், "தங்கம், நீ அன்னைக்கே என்னய—"

இதை முடிக்கவில்லை. என் மனைவி கிட்டுவின் கதையைப் படித்துச் சிரிக்கிற ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்புக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எத்தனை செகண்ட் என்று தெரியவில்லை. என்னிடம் அதற்குப் போட்டோவும் கிடையாது. ஒரு நிமிடம் காசிராஜன் மேலேயே பொறாமையாக இருந்தது. அவரிடம் ஆறு படங்களாவது இருக்கின்றன.

7

வேறு வழியில்லாமல் எழுதினவரைக்கும் கிட்டுவிடம் கொடுத்தேன். மாட்டுங்காவில் நாங்கள் வழக்கமாக உட்காரும் ஓட்டலில், ஞாயிறு காலை. முதல் பகுதியிலும் மற்ற இடங்களிலும் அவனைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். நாலு மாதமாக எழுதினதை, இட்லி வருவதற்குள் படித்துவிட்டான். படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பற்றி நான் முன்னால் சொன்னதை நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கிட்டுவுக்கு இரண்டும் ஒன்றுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நன்னா இருக்குடா" என்றான். "ஆனா முடிவை ஏன் தேடிண்டிருக்கே? அவ இவன் மேலதானே ஊத்தியிருக்கா?"

"எவன் மேல?"

"ஆம்படையான் மேல. காசிராஜன் மேல. வேற யார் மேல?"

நான் தாள்களை வாங்கிப் புரட்டினேன்.

"நீயே எழுதியிருக்கியேடா. கேமராக்காரன் மேல யாரும் ஊத்தப்படாதுன்னு மைக்ல ரெண்டு தடவை சொன்னான். அப்புறம் அவன் மேல தண்ணி எப்படி வந்துது? ஊத்தற தைரியம் ஒருத்திக்குத்தானே வரும்? மாமன் பிள்ளை மேல ஊத்தற மாதிரி பாவ்லா காட்டிட்டுத் திரும்பி இவன் மேல வீசியிருக்கா. விளையாட்டா. ஆசையாத்தான். இவன் நிமிர்ந்துகூடப் பாக்காம நாயேன்னு கத்தினான். அவ மூஞ்சியைத் திருப்பிண்டா. அந்த இன்னொருத்தன், நனைஞ்சுண்டு நிக்கற இவனைப் பாத்துச் சிரிச்சான். இதுல என்னடா மர்மம்?"

சர்வர் இட்லியைக் கொண்டுவந்து வைத்தான்.

"அது எனக்குத் தெரியும்" என்றேன். "வேணும்னேதான் அப்படி வச்சிருக்கேன்."

பொய். சுத்தப் பொய். வெட்டிவிடலாமா என்று யோசித்த வரிகள் அவை. மூன்றாம் பகுதியில் அந்த அடைப்புக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள். காசிராஜன் விளக்கைப் பார்த்த மாதிரி நானும் நாலு மாதமாகக் கார்டையும் செகண்டையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் "நீங்கதான அங்க நின்னீய" என்று சொன்னதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

"அப்படியா? பிரமாதம்டா!" என்றான் கிட்டு. மனசார சொன்னான். அவன் சூது தெரியாதவன். அதற்காகவும் அவன் மேல் எனக்குக் கோபம்.

டாக்சியில் வரும்போதுதான் சட்டை ஞாபகம் வந்தது. இடது தோளிலிருந்து பை வரைக்கும். சொல்யூஷன் டப்பா கவிழ்ந்தாலும் அவ்வளவு பெரிதாகப் படாது. கொடைக்கு எடுத்த சட்டை, அன்று ஒருநாள் போட்டு, துவைக்காமல் ஆணியில் மாட்டினது. பதினோரு மாதமாக விடையை மேலே போட்டுக்கொண்டு அந்த மனிதர் பெல்ட் தைத்துக்கொண்டிருக்கிறார்.

8

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். இதை நீங்கள் எனக்காகக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். "ஏதாவது தெரிஞ்சுதா சார்? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது."

வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் எப்படிச் சொல்வது? அவர் நிச்சயம் கேட்பார்: நீங்களே கண்டுபிடித்தீர்களா சார்? நான் ஆமாம் என்றால் அது கிட்டுவிடமிருந்து திருடினது. இல்லை என்றால், மும்பையிலேயே என் பக்கத்தை மட்டும் படிக்கிற ஒரே மனிதரிடம் நடுப்பக்கத்துக்காரனின் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அவர் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும்.

"கேமராவ மாத்திடுங்க" என்றேன். "கார்டு மட்டும் மாத்தினா போதாது. புது மாடலா, எழுதற வேகம் நல்லா இருக்கறதா பாத்து வாங்குங்க."

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

அற்பத்தனம்தான். ஒரு பெண் பெட்டியை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள், நான் மாடல் நம்பர் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி போனை எடுத்தேன், மறுபடி வைத்தேன். மூன்று தடவை. என்னால் ஆகவில்லை.

9

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் அது கிட்டுவின் முடிவு.

இந்த மாதம் நடுப்பக்கம் எனக்குக் கிடைத்திருக்கிறது. பதினோரு வருடத்தில் மூன்றாவது தடவை. இதழ் புதன்கிழமை உங்கள் கைக்கு வரும். கொடை ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருக்கிறது. காசிராஜனுக்கும் இதழ் போகும், ஆனால் அவர் நேராகக் கடைசிக்கு முந்தின பக்கத்துக்குப் போய்விடுவார். இந்த மாதம் அங்கே தண்ணீர் ஹீட்டரில் உப்புப் படிவதைப் பற்றி எழுதியிருக்கிறேன். கதையெல்லாம் அவர் படிப்பதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள்.

தாராவியில் உங்களுக்கு வேலை இருக்கும், அல்லது தெரிந்தவர்கள் இருப்பார்கள். தோல் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் வெளிர் நீலச் சட்டை ஒன்றைத் தேடுங்கள். அவர் பெயர் காசிராஜன் இல்லை, ஆனால் கறை நான் சொன்ன இடத்தில்தான் இருக்கும். கேட்டால் சொல்யூஷன் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சோப்புத் துண்டை நனைத்து அந்தக் கறையில் தேய்க்கச் சொல்லுங்கள். சொல்யூஷனாக இருந்தால் அப்படியே இருக்கும். மஞ்சளாக இருந்தால் சிவக்கும். சிவக்க நாலு செகண்ட் ஆகாது. அந்த நேரம் அவர் வேறு எதையும் பார்க்காமல் சட்டையைப் பார்க்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போய் என்ன கேட்பார், அவள் பெட்டியை உள்ளே எடுத்து வைப்பாளா, ஞாயிற்றுக்கிழமை செம்போடு யாரைத் துரத்துவாள் என்பதெல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறீர்கள். நான் பார்க்கப்போவதில்லை. அதற்காக உங்கள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

ஒன்றே ஒன்று. யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டால், நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். கிட்டுவின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.